கன்றின் வயிறும் ஈஸ்டும்

மாங்காட்டில் வீடுகள் நெருங்கி மேய்ச்சல் நிலம் அருகிய பின்னரும் கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு, கன்றின் தீனியில் ஈஸ்ட் கலக்கலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. பொட்டலத்தைப் பிரிக்குமுன் கன்றின் வயிற்றை அறிதல் நலம்.

பசுவின் இரைப்பை நான்கு அறைகள் உடையது. முதல் அறையாகிய பெருவயிற்றில் வாழும் எண்ணிறந்த நுண்ணுயிர்களே வைக்கோலைச் சிதைத்துச் சத்தாக்குகின்றன. பிறந்த கன்றுக்கோ அவ்வறை சிறுத்து வேலையற்றுக் கிடக்கிறது. குடிக்கும் பால் அதனுள் இறங்காமல், குழாய்போல் மடியும் ஒரு பள்ளத்தின் வழியே நான்காம் அறைக்குச் சென்றுவிடும். தாய் நக்குவதாலும், தொழுவத்திலிருந்தும் தீனியிலிருந்தும் நுண்ணுயிர்கள் பெருவயிற்றில் குடியேறுகின்றன. இரண்டாம் வாரம் முதல் கன்று கொறிக்கும் தானியக் கலவையை அவை புளிக்கச் செய்கின்றன. அப்போது உண்டாகும் அமிலங்களே, சிறப்பாகப் பியூட்டிரிக் அமிலம், பெருவயிற்றின் உட்சுவரை வளர்க்கின்றன. பால் மட்டுமே குடிக்கும் கன்று கொழுக்கலாம், பெருவயிறு வளராது.

ஈஸ்டுக்கு வேலை இங்கேதான். ஆப்ப மாவைப் பொங்கச் செய்யும் இனமே இது. தீனியோடு உட்புகும் சிறிது பிராணவாயுவை இது உறிஞ்சிக்கொள்வதால், பிராணவாயு ஆகாத நார்ச் சிதைப்பு நுண்ணுயிர்கள் செழிக்கின்றன. லாக்டிக் அமிலத்தை உண்ணும் நுண்ணுயிர்களையும் தூண்டுவதால் வயிற்றின் மிகுபுளிப்பு மட்டுப்படும். ஆனால் ஈஸ்ட் அங்கே நிலைத்து வாழ்வதில்லை; நாள்தோறும் கொடுத்துவர வேண்டும். கொதிக்கும் கஞ்சியில் இட்டால் மாண்டுபோகும். மாண்ட ஈஸ்ட் புரதமாக உதவுமேயன்றிப் பிராணவாயுவை உறிஞ்சாது. பீர் ஆலைக் கழிவோ பெரும்பாலும் வாற்கோதுமைச் சக்கை. அதனை ஈஸ்ட் என்று எண்ணி ஏமாற வேண்டா.

ஆய்வுகள் சிலவற்றில் ஈஸ்ட் உண்ட கன்றுகளுக்குக் கழிச்சல் குறைந்து எடையும் கூடியது. வேறு சிலவற்றில் வேறுபாடே காணப்படவில்லை. ஆகவே, ஈஸ்டுக்குப் பணம் செலவிட்டுச் சீம்பாலில் சிக்கனம் காட்டுவதை நாம் ஒப்பமாட்டோம். நோயெதிர்ப்புப் பொருள்களை ஈர்க்கும் ஆற்றல் கன்றின் குடலுக்கு ஏறத்தாழ 24 மணி நேரமே உண்டு. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். முதற் பங்கை ஒரு மணி நேரத்திற்குள் புகட்டிவிடுதல் நன்று. சீம்பாலைக் காய்ச்சி அண்டை வீடுகளுக்குப் பங்கிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. கன்று குடித்து மிஞ்சியதைப் பங்கிடுவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை.

ஈஸ்டின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கால்நடை மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்தில் தலைமையிடமும் காட்டுப்பாக்கத்தில் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. காட்டுப்பாக்கம் என்றது பூந்தமல்லிக்கு அருகில் உள்ள நம் அண்டை ஊரை அன்று. காட்டாங்குளத்தூர்ப் பக்கத்தில் உள்ளதை.