குழாய் மாற்றப் போகும் குழந்தைக்கு

  

சமையலறைக் குழாய் இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கிறதென்றும், பிளம்பர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று நாளைக் கடத்துவதால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நீயே அதை மாற்ற உத்தேசித்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். படித்து மனம் பூரித்தேன். வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் நான்கு லிட்டருக்கு மேல் சாக்கடைக்குப் போகிறது. 2019-ஆம் வருஷத்துக் கோடையில் பூண்டி, செங்குன்றம், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகத் தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்ற சென்னையில் அல்லவா நீ குடியிருக்கிறாய்! ஆகவே இக்காரியத்தை அற்பமென்று நான் எண்ணவில்லை.

முதலில், குழாயை மாற்றத்தான் வேண்டுமா என்பதை நிதானமாகப் பார். நன்றாக மூடிய பிறகும் வாய் வழியே சொட்டினால், பழைய திருகு குழாயாக இருக்கும் பட்சத்தில், அநேகமாக உள்ளேயிருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். சில ரூபாய்ச் செலவில் தீர்ந்துபோகும் விஷயம் அது. வாஷர் அமரும் பித்தளை விளிம்பே போர்த் தண்ணீரின் உப்பினால் அரிக்கப்பட்டுப் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை வாஷர் மாற்றினாலும் பயனில்லை. புதுக் குழாய்தான் வழி. கசிவு குழாயின் வாயில் இல்லாமல் சுவரோரத்தில் இருந்தால், பழுது குழாயினுடையதன்று, மரையினுடையது.

இனி நான் சொல்லப்போவது எல்லாவற்றிலும் பிரதானமானது. உன் கண்ணுக்குத் தெரிகிற குழாய் சில நூறு ரூபாய்ச் சாமான்; அது போனால் கடையில் இன்னொன்று கிடைக்கும். ஆனால் ஓடுகளுக்குப் பின்னால், சுவருக்குள் புதைந்து, அந்தக் குழாயைத் தாங்கி நிற்கும் எல்போ இருக்கிறதே, இக்காலத்து வீடுகளில் அது பெரும்பாலும் பித்தளை மரை பதித்த பிளாஸ்டிக். நீ ஸ்பானரில் கொடுக்கும் பலமெல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அதுவே. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், உப்புப் பிடித்து அசையாத குழாயைக் கழற்றுவதற்காக ரெஞ்சின் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி ஓங்கி அழுத்தினார்கள். குழாய் கழன்றது, எல்போவும் விரிந்தது. சுவரை உடைத்து, எல்போ மாற்றி, அதே ஓடு கடையில் கிடைக்காமல் வேறு நிறத்தில் ஒட்டுப்போட்டுத்தான் அந்த வேலை முடிந்தது. ஆகையால் ஒவ்வொரு கட்டத்திலும், "இந்தப் பலம் சுவருக்குள் எங்கே போகிறது?" என்று கேட்டுக்கொண்டே வேலை செய்.

கடைக்குப் போகுமுன் மரையை ஸ்கேலால் அளந்துவிட்டு மயங்காதே. அரை அங்குலக் குழாய் என்று பெயர். மரையின் வெளி விட்டமோ ஏறத்தாழ 21 மில்லிமீட்டர் இருக்கும். அரை அங்குலம் என்பது பழைய காலத்து இரும்புக் குழாயின் உள்துளையைக் குறித்து ஏற்பட்ட வழக்கு. 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் வகுத்த மரை வடிவத்தைத்தான் நம் கடைக் குழாய்கள் இன்றும் தாங்கியிருக்கின்றன. அங்குலத்திற்குப் பதினான்கு மரை. "அரை இஞ்ச் சிங்க் காக்" என்று கேள், சரியானதே கிடைக்கும். கூடவே இரண்டு சுருள் டெஃப்லான் டேப் வாங்கிக்கொள்.

மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பின் வால்வை மூடும்போது அவசரப்படாதே. வருஷக்கணக்கில் தொடாத கேட் வால்வு முரண்டு பிடிக்கும். சிறிது மூடி, சிறிது திறந்து, மறுபடி மூடிக் கொண்டுவா. பிறகு சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, பைப்பில் தங்கிய நீர் முழுவதும் வடிந்து நிற்கிறதா என்று பார்த்த பின்னரே ஸ்பானரைத் தொட வேண்டும். சிங்க்கின் துவாரத்தை ஒரு பழந்துணியால் அடைத்துவை.

குழாயை இடப்புறமாகத் திருப்பிக் கழற்று. இம்மியும் அசையாவிட்டால் நிறுத்திவிடு. அந்த இடத்தில் பிளம்பருக்காகக் காத்திருப்பதில் யாதொரு வெட்கமும் இல்லை. கழன்றதும் எல்போவின் வாயில் டார்ச் அடித்துப் பார்த்து, பழைய டேப்பின் நாரையும் உப்புப் பொருக்கையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷினால் சுத்தம் செய். யாராவது வாளி பிடிக்க, வால்வைக் கணநேரம் திறந்து மூடச் சொல். மண்ணும் துருவும் வெளியே வந்துவிடும். இப்போது வருகிற கால் திருப்புக் குழாய்களுக்குள் இருக்கும் பீங்கான் வட்டுகளுக்கு ஒரு மணல் துகள் போதும், கீறல் விழ.

அந்தக் காலத்தில் மரையில் சணல் நூல் சுற்றி வெள்ளை ஈயப் பசை தடவுவார்கள். 1938-இல் ராய் பிளங்கெட் என்ற அமெரிக்க ரசாயனர் தற்செயலாகக் கண்டெடுத்த பொருள்தான் இன்று வெள்ளை டெஃப்லான் நாடாவாக உன் கைக்கு வந்திருக்கிறது. மரையின் முனை உன் முகத்தைப் பார்க்கும்படி குழாயைப் பிடித்துக்கொண்டு, முதல் மரையை விட்டுவிட்டு, கடிகார முள் சுற்றும் திசையில், மரையின் பள்ளங்கள் நாடாவுக்கு மேலும் தெரியும்படி இழுத்துச் சுற்று. எதிர்த்திசையில் சுற்றினால், குழாய் உள்ளே போகப் போக நாடா சுருண்டு வெளியே வந்துவிடும். எத்தனை சுற்று என்று என்னைக் கேட்காதே. எல்போவுக்கு எல்போ அது மாறும். பத்துச் சுற்றில் ஆரம்பித்துப் பார்.

சுவர்த் துவாரத்தை மறைக்கும் பிளேஞ்சை மறவாமல் முன்னதாக மாட்டிவிடு. இரண்டு மூன்று சுற்றுகள் கையாலேயே நேராக ஏற வேண்டும். ஆரம்பத்திலேயே கோணலாகக் கடித்தால் கழற்றி மறுபடி வை. அதன் பிறகு ஸ்பானர்; பளபளப்புக் கெடாமலிருக்கத் துணி சுற்றிப் பிடி. குழாயின் வாய் கீழ்நோக்கி வந்து நிற்பதும் இறுக்கம் கை உணர்வதும் ஒரே சமயத்தில் நேர வேண்டும், இதுவே இந்த வேலையின் சூட்சுமம். வாய் பக்கவாட்டில் நிற்கும்போதே நன்றாக இறுகிவிட்டால், பலவந்தமாகத் திருப்பாதே, முழுவதும் கழற்றி இரண்டு சுற்றுக் குறைத்துச் சுற்று. நேராக வந்தும் தளர்வாயிருந்தால், கழற்றிப் புது நாடாவை அதிகமாகச் சுற்று. நேராக்குவதற்காகச் சிறிது பின்னோக்கித் திருப்பும் ஆசை மட்டும் கூடவே கூடாது. அங்கேதான் நாடா நெகிழ்ந்து கசிவு தொடங்கும்.

பிறகு குழாயைத் திறந்தே வைத்து, வால்வை மெல்லத் திற. காற்று சீறித் துப்பியபின் நீர் சீராக விழும். குழாயை மூடி, எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்துவிட்டு, செய்தித்தாள் துண்டு ஒன்றைப் பிளேஞ்சின் அடியில் செருகிவை. மறுநாள் காலையில் தாள் நனையாமலிருந்தாலும், அந்தச் சுவரின் மறுபுறத்தையும் ஒரு வாரம்வரை கையால் தடவிப் பார், உட்கசிவு முதலில் அங்கேதான் ஓதமாகத் தெரியும்.

பழைய குழாயை எறிந்துவிடாதே. வேலை ஓய்ந்த ஒரு மாலையில் அதைப் பிரித்து, வாஷரையும் அரித்த விளிம்பையும் பார்த்துவிட்டு, என்ன கண்டாயென்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா