ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறீர்களா?

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்பக்கத்துக்கு ஒரு ஷாஃப்ட், இன்னொரு டிஃபரென்ஷியல் என்று எடை கூடிவிடுகிறது. லீவர் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் ‘டூ-ஹெச்’சில் இருந்தாலும் அந்த எடையைச் சுமந்துதான் ஓட வேண்டும். மைலேஜ் குறைய இதுவும் ஒரு காரணம்.

ஷோரூமில் ஒப்பிடும்போது இன்ஜினையும் கேளுங்கள். 2023 ஜனவரியில் வந்த மஹிந்திரா தார் டூ வீல் டிரைவ் டீசலுக்கு 1.5 லிட்டர் இன்ஜின். ஃபோர் வீல் டிரைவ் டீசலுக்கு 2.2 லிட்டர். இந்த இரண்டுக்கும் உள்ள மைலேஜ் வித்தியாசம் முழுவதையும் சக்கரத்தின் தலையில் கட்டக் கூடாது.

முக்கியமாக ஒன்று: காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரமும் இழுக்கும் ‘ஃபோர்-ஹெச்’ போடவே போடாதீர்கள். வளைவில் முன்சக்கரம் ஓடும் தூரம் வேறு, பின்சக்கரம் ஓடும் தூரம் வேறு. லீவர் போட்டு மாற்றும் வண்டிகள் பலவற்றில் அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. யூ-டர்ன் எடுத்துப் பாருங்கள், தெரியும்: ஸ்டீயரிங் கனக்கும், பிரேக் பிடித்ததுபோல வண்டி முரண்டு பிடிக்கும், டயர் கீச்சிடும். டீசலும் வீண், கியரும் கெடும். சேறு, மணல் தாண்டியதுமே லீவரை மாற்றிவிடுங்கள்.

பட்டன் பெருத்த ஆஃப் ரோடு டயரும், சும்மா கிடக்கும் கூரை கேரியரும்கூட எரிபொருளைக் குடிக்கும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் இரண்டையும் தவிர்க்கலாம்.

மைலேஜ் பார்க்க, டேங்க்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்புங்கள். 480 கி.மீ.க்கு 40 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 12.