ஸ்மாஷை இப்போதைக்கு விடு

அன்புள்ள கயல்,

கல்லூரி அணியிலிருந்து பீச் வாலிபாலுக்கு வரப்போகிறாய் என்றதும் சந்தோஷமாக இருந்தது. ஸ்மாஷுக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். அது இப்போதைக்கு வேண்டாம். முதலில் உன் பாஸைச் சரிசெய்.

ஆறு பேர் ஆடும் இடத்தில் பாஸ் சுமாராகப் போடுகிறவள் எப்படியோ தப்பித்துவிடலாம், லிபரோ பார்த்துக்கொள்வாள். மணலில் எட்டுக்கு எட்டு மீட்டருக்கு நீங்கள் இரண்டே பேர். உன் கை தடுமாறுவதை எதிராளி கண்டுகொண்டால் 21 பாயிண்ட் வரைக்கும் சர்வீஸ் உன் தலைக்குத்தான். பாஸ் போட்டவளேதான் பெரும்பாலும் ஓடிப்போய் அடிக்கவும் வேண்டும். அதனால் இரண்டையும் பிரித்துப் பழகாதே.

மூன்றாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொள். அவள் எதிர்ப்பக்கக் கோட்டுக்குப் பின்னால் நின்று சர்வீஸ் போடட்டும். வலைக்கு இரண்டு மீட்டர் இந்தப் பக்கம் ஒரு துண்டை விரித்துவை. பந்தை அதற்கு மேலே உயரமாகத் தூக்கிக் கொடு. உன் பார்ட்னர் பதறாமல் வந்து சேர அவகாசம் வேண்டும். அவள் லிஃப்ட் கொடுக்க, நீ அடி. மூன்று தொடுதலும் முடிந்தால்தான் ஒன்று என்று கணக்கு. பாஸ் போட்டுவிட்டு நின்று வேடிக்கை பார்க்கும் பழக்கம் உனக்கு உண்டு, அது இதில்தான் போகும். சிமென்ட் தரையில் ஓடுகிற அவசரமும் ஆகாது. லிஃப்ட் எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகே ஓடு. கடைசி இரண்டு அடியைச் சின்னதாக வைத்து நேர் மேலே எழும்பு.

விரலை விரித்துப் பந்தைத் தட்டிவிடும் வேலை இங்கே செல்லாது, ஃபவுல். மடக்கிய விரல் முட்டியால் தள்ளிப் பழகு. நீ எழும்பும்போது எதிர்ப்பக்கம் எங்கே காலி என்று பார்ட்னர் கத்த வேண்டும். அதையும் பயிற்சியிலேயே கத்தச் சொல், மேட்சில் புதிதாக வாய் வராது.

ஏழு பாயிண்டுக்கு ஒருமுறை பக்கம் மாறுவீர்கள். ஆகவே இரண்டு பக்கமும் நின்று சர்வீஸ் போட்டுப் பார். கடல்காற்றுக்கு எதிரே பலமாக அடித்தாலும் பந்து உள்ளே விழும். காற்றோடு அடித்தால் கோட்டைத் தாண்டிப் போகும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய ஸ்வீடன்காரர்கள் ஓமன், ஹெல்விக் ஆட்டத்தை நீ விடாமல் பார்ப்பது எனக்குத் தெரியும். குதித்தபடி லிஃப்ட் கொடுப்பார்கள். சில சமயம் இரண்டாவது தொடுதலிலேயே அடித்தும் விடுவார்கள். அடுத்த முறை பார்க்கும்போது அதற்கு முந்தின பாஸைக் கவனி.

கல்லூரிப் பந்தை மணலுக்குக் கொண்டுபோகாதே. பீச் பந்தில் காற்று குறைவு, கையில் பட்டால் வேறு மாதிரி எழும்பும். பந்து நான் வாங்கித் தருகிறேன். பொங்கலுக்கு வரும்போது சர்வீஸும் நானே போடுகிறேன். நின்ற இடத்தில் நின்று போட இந்த முழங்கால் தாங்கும்.

அன்புடன்,
அத்தை