பாய்லருக்கு யார் கட்டளையிட வேண்டும்?

கேள்வி: லண்டனில் எங்கள் வீட்டு மூன்று அறைகளிலும் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் உள்ளன. ஒவ்வோர் அறையின் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டையும் நேராக பாய்லரில் இணைக்கலாமா?

பதில்: கூடாது. அப்படி இணைத்தால் அறைக் குழாயின் வால்வு திறக்கும் முன்பே பாய்லர் எரியத் தொடங்கும். மூன்றையும் வயரிங் சென்டர் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். தெர்மோஸ்டாட் வெப்பம் கேட்டதும், அந்த அறைக் குழாயின் ஆக்சுவேட்டர் சில நிமிடங்களில் வால்வைத் திறக்கும். பிறகு பெட்டியே பம்பையும் பாய்லரையும் இயக்கும்.

ஒன்றில் கவனம்: பல பாய்லர்களின் தெர்மோஸ்டாட் முனைகள் வெறும் சுவிட்ச் இணைப்பையே ஏற்கும். அதில் 230 வோல்ட் பாய்ந்தால் சர்க்யூட் போர்டு கருகிவிடும். கையேட்டைப் பாருங்கள். பாய்லரின் மூடியைத் திறக்கும் வேலையை ‘கேஸ் சேஃப்’ என்ற எரிவாயுப் பணிப் பதிவேட்டில் பதிவுபெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.