தக்காளிச் செடி திடீரென வாடினால் முதலில் தண்டை அறுத்துப் பாருங்கள்

கொல்லிமலை எடப்புளி நாட்டுப் பக்கம் வீட்டுக் கொல்லையில் பத்துப் பதினைந்து தக்காளிச் செடி வைத்திருப்போர் அடிக்கடி கூறும் குறை ஒன்றுதான். "நேற்று மாலை வரை நன்றாக இருந்தது, இன்று துவண்டு கிடக்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?" மருந்தின் பெயரைச் சொல்வதற்கு முன் செடியைப் பார்க்க வேண்டும். முன்பு ஒருமுறை நானே செடியைப் பிடுங்கிப் பார்க்காமல் பூஞ்சாண மருந்து எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை தெளித்தும் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. மருந்துச் செலவும் வீண். அங்கு இருந்தது பாக்டீரியா வாடல்.

இந்நோயில் இலை மஞ்சளாவதில்லை. பச்சையாக இருக்கும்போதே செடி முழுவதும் தொங்கிவிடும். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு சாண் அளவு வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த நீர் ஊற்றி, வெட்டிய முனை மட்டும் நீரில் படுமாறு அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெண்மையான இழை நீரில் இறங்கினால் அது பாக்டீரியா வாடலே. இழை இறங்காமல், அடி இலைகள் முதலில் மஞ்சளாகிச் சில நாட்களில் படிப்படியாக வாடி, தண்டின் உள்ளே பழுப்பாக இருந்தால் அது பூஞ்சாண வாடல். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. தரையோடு ஒட்டிய தண்டில் வெண்ணிற நூலும் கடுகு போன்ற உருண்டைகளும் தெரிந்தால் கழுத்தழுகல்.

பாக்டீரியா வாடலுக்கு ஆளான செடியை எந்தத் தெளிப்பு மருந்தும் காப்பாற்றாது. காப்பாற்ற வேண்டியது மற்ற செடிகளை. நோயுற்ற செடியை வேர்மண்ணுடன் தோண்டி எடுத்து எரித்துவிடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். மண்வெட்டியையும் கழுவுங்கள். மலைச்சரிவில் மேல்பாத்தி நீர் கீழ்ப்பாத்திக்கு இறங்கும்போது கிருமியும் கூடவே இறங்கும். எனவே அந்த நீரை வேறு பக்கம் திருப்ப வேண்டும். அந்த இடத்தில் மூன்று ஆண்டுகளுக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம். கேழ்வரகு, சாமை, மக்காச்சோளம் போடலாம். தானே முளைக்கும் மணத்தக்காளியும் அதே குடும்பம் என்பதால் பிடுங்கிவிடுவது நல்லது. கொல்லையில் வேறு இடம் இல்லாதவர்கள் தக்காளி விளையாத நிலத்து மண்ணைச் சாக்கில் நிரப்பி நடலாம்.

கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா ஆகிய இரகங்கள் இந்நோயைத் தாங்குபவை. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ரக்ஷக்கும் தாங்கும். ஆனால் அது வீரிய ஒட்டு என்பதால் அதிலிருந்து விதை எடுத்து வைக்கக் கூடாது.

தம்ளர் நீர் தெளிவாகவே இருந்து, வெந்நீர் ஊற்றியது போல இலை வெந்து கருகியிருந்தால் கதையே வேறு. மூடுபனியும் தூறலும் தொடரும் நாட்களில் வரும் பின்பருவக் கருகல் அது. அதிகாலையில் இலையின் அடிப்புறத்தைத் திருப்பினால் மெல்லிய வெண்பூஞ்சை தெரியும். தண்டில் கரும்பழுப்புத் திட்டு இருக்கும். காயில் பழுப்பேறி கெட்டியாகும். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கை அழித்துப் பஞ்சம் கொண்டுவந்த அதே நோய்தான். 2009, 2010 ஆண்டுகளில் தென்மேற்கு இந்தியாவிலும் தக்காளியைக் கடுமையாகத் தாக்கியது. சில நாட்களிலேயே பாத்தி முழுவதும் கருகிவிடும் என்பதால் இதில் தாமதம் கூடாது.

கருகிய இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் மேன்கோசெப் கலந்து இலையின் இருபுறமும் நனையத் தெளிக்கவும். பனிமூட்டம் நீடித்தால் 10 நாள் கழித்து மீண்டும் தெளிக்கவும். நோய் வருமுன் தெளித்தால் பலன் அதிகம். மிளகுக் கொடிக்குப் போர்டோ கலவை தயாரித்துப் பழகியவர்கள் மேன்கோசெப்புக்குப் பதில் அதையே பயன்படுத்தலாம். 100 கிராம் மயில்துத்தத்தையும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பையும் தனித்தனியே 5 லிட்டர் நீரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியை நனைத்துப் பார்க்கும்போது செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கவும். மருந்து தெளித்தபின் உறையில் குறித்துள்ள நாட்கள் கழியும் வரை காய் பறிக்கக் கூடாது. செடிக்குக் குச்சி நட்டுக் கட்டி, காலையில் அடியில் மட்டும் நீர் விட்டால் இலை ஈரமின்றி இருக்கும்.

இரண்டும் பொருந்தவில்லை என்றால், பாதி வாடிய செடி ஒன்றை வேருடன் பையில் போட்டுக் கட்டி அன்றைக்கே வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். முழுதும் காய்ந்த செடியைக் கொண்டுவந்தால் எங்களாலும் எதுவும் கண்டுபிடிக்க முடியாது.