மாமியார் பற்றும் மருமகள் பருப்பும்

திருச்சி கே.கே. நகரில் மாலை வேளையில் காய்கறி வாங்கப் புறப்பட்டால், என் பழைய ஆசிரியர் உத்தியோகத்தை அறிந்த பெற்றோர் யாரேனும் வழிமறித்து, "எம்.சி.ஏ.வில் வரும் சிஸ்டம் அனாலிசிஸ், டிபிஎம்எஸ் எல்லாம் வெறும் மார்க்குக்குத்தானாமே சார்? கோடிங் தெரிந்தால் போதுமாம். அதையும் இப்போது ஏ.ஐ.யே எழுதிவிடுகிறதாம்" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எத்தனை முறை மறுத்தாலும் மறு வாரம் வேறொரு வாயிலிருந்து அதே வாக்கியம் அட்சரம் பிசகாமல் வருகிறது. சுத்த அபத்தம்.

சென்ற வருஷம் ஒரு மாணவன் மளிகைக் கடைப் பற்று நோட்டுக்கு மென்பொருள் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். திரை அழகு, கோடில் ஒரு பிழை கிடையாது. வாடிக்கையாளரைப் பிரித்தறியும் பிரைமரி கீயாகச் செல்போன் எண்ணை வைத்திருந்தான். கடையில் ஏற்றிய மூன்றாம் நாளே, ஒரே வீட்டில் தனித்தனி உலை வைக்கும் மாமியாரும் மருமகளும் ஒரே எண்ணைச் சொல்ல, இரண்டாவது பெயரை மென்பொருள் ஏற்க மறுத்துவிட்டது; வேறு வழியறியாத கடைக்காரர் மருமகள் வாங்கிய துவரம் பருப்பை மாமியார் பற்றில் ஏற்ற, மாதக் கடைசியில் கடை வாசலில் நிகழ்ந்ததை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. கல்லாவின் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்து பழைய நோட்டைப் புரட்டியிருந்தால், அந்த வீட்டுக்கு இரண்டு பக்கங்கள் இருப்பதை அவன் கண்டிருப்பான். அப்படி உட்காருவதற்குத்தான் ஐயா, அனாலிசிஸ் என்று பெயர்! கேட்ட டேபிளை ஏ.ஐ. நொடியில் எழுதித் தரும், மறுக்கவில்லை. அந்த வீட்டில் அடுப்பு எத்தனை என்று அது யாரிடம் போய் விசாரிக்கும்?

இனி டிபிஎம்எஸ்: 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட், தகவலையெல்லாம் தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கலாம் என்று எழுதிய கட்டுரையும், அதையொட்டி அவர் வகுத்த நார்மலைசேஷன் விதிகளும், 1976-ல் பீட்டர் சென் தந்த இ.ஆர். (என்டிட்டி-ரிலேஷன்ஷிப்) வரைபடமும், பற்றின் ஒவ்வொரு வரியிலும் விலாசத்தைத் திரும்பத் திரும்பப் பதித்து, சுந்தர் நகருக்குக் குடிபோனவர் பாதி வரிகளில் பழைய வீட்டிலும் பாதியில் புது வீட்டிலும் வசிக்கும் விபரீதத்தைத் தவிர்ப்பதற்கே பயன்படுகின்றன.

மற்ற வதந்திகள் அற்பம். கணக்கு வராதவருக்கு டேட்டாபேஸ் வராது என்பது பிரமை. பள்ளிக்கூடத்துக் கணங்கள் பாடம் போதும். எம்.சி.ஏ. மூன்று வருஷம் என்பது பழங்கதை. 2020-21 முதல் இரண்டே வருஷம். இதெல்லாம் வெள்ளைக்காரர் சரக்கு என்போர், உலகெங்கும் பாடமாயிருக்கும் 'டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்' நூலாசிரியர் மூவரில் ஒருவரான எஸ். சுதர்சன், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானவர் என்று அறிக.

என் நெடுநாள் ஆதங்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'ஸ்ரீரங்கம்' கண்ணுக்கு 5 எழுத்து. யூனிகோடில் 10 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் 30 பைட். ஆங்கிலக் கணக்கில் 20 பைட் ஒதுக்கினால் அரங்கன் ஊர் பாதியில் வெட்டுண்டு நிற்கும். கே.கே. நகர் என்று மட்டும் பதித்தாலோ, அது சென்னையிலும் மதுரையிலும்கூட உண்டு. நம் பெயர்களின் கதி இன்னும் மோசம். ஆகவே, ப்ராஜெக்ட் வைவாவில் அமரும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று குறித்த டேபிளோடு எந்த மாணவன் வந்தாலும், தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு குடும்பப்பெயர் அறியாத தன் சொந்தப் பெயரை அவனையே அதில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.