மைலோ டின்னும் மாலைப் பலகாரமும்

பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குத் தினமும் பாக்கெட் நொறுக்குத்தீனி வாங்கினால் பை காலியாகிவிடும். வீட்டிலேயே செய்துவிடலாம். எங்கள் கெப்பாலா பத்தாஸ் நெல்வயல் சூழ்ந்த ஊர். அரிசி மாவுக்கா பஞ்சம்?

முறுக்கு: 4 கப் அரிசி மாவுக்கு 1 கப் வறுத்தரைத்த உளுந்து மாவு. இரண்டையும் கட்டாயம் சலியுங்கள். கட்டி இருந்தால் அச்சின் துளை அடைத்துக்கொள்ளும். ஓமம், உப்பு, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் போதும். வெண்ணெய் கூடினால் முறுக்கு எண்ணெயிலேயே உதிரும். ஒரு துளி மாவை எண்ணெயில் போட்டால் உடனே மேலே வர வேண்டும், அதுதான் சரியான சூடு. நம் ஈரக்காற்றுதான் முறுக்குக்கு எதிரி. நன்றாக ஆறிய பிறகே டின்னில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் நமத்துவிடும்.

எண்ணெயே வேண்டாம் என்றால் கொண்டைக்கடலைச் சுண்டல். இரவே ஊறவையுங்கள். தேங்காய்ப்பூவைக் கடைசியில் தூவுங்கள். முறுக்கைவிட இதுதான் எனக்குப் பிடிக்கும், செலவும் குறைவு.

காலி மைலோ டின்னை எறியாதீர்கள். விளிம்பைப் பெரியவர்கள் தேய்த்து மழுக்கிய பின், ஆணியால் அடியில் ஐந்தாறு துளை போட்டு, பிள்ளைகளைச் சாயம் பூச விடுங்கள். கறிவேப்பிலைக் கன்றுக்கு ஆரம்பத்தில் அந்த இடம் போதும். வளர்ந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். அடியில் தட்டு வைத்தால் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள், டெங்கிக் கொசு பெருக அந்த நீரே போதும்.